அண்டாவும் வெள்ளைக் குழாயும்

பம்பரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த ஆலையில் யாரும் கிடையாது. அவளுக்கென்று ஒரு நாற்காலி இருக்கத்தான் செய்தது. அதில் அவளுடைய கைப்பை உட்காரும், சாப்பாட்டு டப்பா உட்காரும், மழைக்காலமானால் குடைகூட ஒய்யாரமாகச் சாய்ந்துகொள்ளும். அவள் மட்டும் உட்கார மாட்டாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் புண்ணியவதி வைத்த பெயரோ, கல்யாணம் ஆகி, காதோரம் நரைத்த பிறகும் அவளை விட்டுப் போகவில்லை. சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

வீட்டிலும் அதே கதைதான். அடுப்பில் பாலை வைத்தால் பொங்கும்வரை பொறுக்க மாட்டாள். தீயைக் கூட்டுவாள். உடனே கூடிவிட்டதோ என்று குறைப்பாள். குறைத்தது அதிகமோ என்று மறுபடி கூட்டுவாள். பால் என்ன செய்யும் பாவம், அவள் தலையைத் திருப்பிய நொடியில் பொங்கி அடுப்பை நனைக்கும். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கணவர் பஸ் ஓட்டுகிறவர். "பகல் பூரா பஸ்ஸ நான் ஓட்டுறேன். வீட்டுக்கு வந்து படுத்தா கட்டில நீ ஓட்டுற. எனக்கு எப்பம்மா ஸ்டாப்பு வரும்?" என்பார்.

"உங்களுக்கென்ன, தலைய சாய்ச்சா குறட்டை. எனக்குத்தான் மண்டைக்குள்ள நூறு வேலை ஓடுது" என்பாள் அவள்.

நூறெல்லாம் இல்லை. ஒன்றுதான் ஓடியது. தம்பி.

அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவனைச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். எந்த நேரத்தில் கேட்டாளோ, அவனைக் கொண்டுபோய் நேராக அண்டாவின் முன்னால் நிறுத்திவிட்டார்கள். ஆலையில் எல்லோரும் அவனைச் சின்னவன் என்றே கூப்பிட்டார்கள். அக்காவுக்கு எதிர்மாறு அவன். வாயில் எந்நேரமும் ஒரு சீட்டி, நடையில் ஓர் ஆட்டம், எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு.

அண்டா என்ன என்று சொல்ல வேண்டும். அந்த ஆலையில் செய்வது மருந்து அல்ல, மருந்துக்கு முந்தைய சரக்கு. மாத்திரை ஆவதற்கு இன்னும் நாலு கம்பெனி தாண்ட வேண்டிய தூள். அந்தத் தூளின் மூலக்கூறில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஃப்ளூரினைக் கொண்டுபோய் ஒட்டவைப்பதுதான் இங்கே வேலை. ஃப்ளூரின் சரியான இடத்தில் ஒட்டிக்கொண்டால் மருந்து உடம்புக்குள் சீக்கிரம் சிதையாது, கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்று வேலை பார்க்கும். நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஃப்ளூரினைச் சுமந்து வருகிற திரவம் இருக்கிறதே, அது சரியான முன்கோபி. தண்ணீர் பட்டால் சீறும். அந்தச் சீற்றத்தில் கிளம்பும் புகை கண்ணாடியையே அரிக்கும். குளிரில் வைத்திருக்கும்வரை சாது. சூடு கொஞ்சம் எல்லை தாண்டினால் போதும், ஏறிய சூட்டைத் தானே இன்னும் ஏற்றிக்கொண்டு, வெடித்தால்தான் ஆச்சு என்று நிற்கும்.

இதை மொத்தமாக ஊற்றிச் செய்கிற பாத்திரத்துக்குக் காகிதத்தில் ரியாக்டர் என்று பெயர். ஆட்கள் வாயில் அது அண்டா. ஆலையின் கடைக்கோடியில் தனிக் கொட்டகை. மூன்று பக்கம் தடித்த கான்கிரீட் சுவர், நாலாவது பக்கம் வெறும் தகரம். வெடித்தால் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு காலி நிலத்துப் பக்கம் போகட்டும் என்று கட்டியவர்கள் யோசித்திருக்கிறார்கள். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள், வெடிக்காமல் இருக்க யோசிப்பதற்கு முன்னால் எந்தப் பக்கம் வெடிக்கலாம் என்று யோசித்திருக்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் அது கிட்டத்தட்ட நடந்தே விட்டது. குளிர்ந்த நீரைச் சுற்றவிடும் பம்பு நின்றுபோய், அண்டாவுக்குள் சூடு ஏறி, மேலே இருந்த பாதுகாப்புத் தகடு கிழிந்து, முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. சின்னவனோடு நிற்கும் ஃபிட்டருக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோனது. இன்றைக்கும் அந்தக் கை முழுதாக மூடாது. சின்னவன் டீ வாங்கப் போயிருந்ததால் தப்பித்தான். சத்தம் கேட்டு ஒற்றைச் செருப்போடு ஓடிவந்த பம்பரம், புகைக்கு இந்தப் பக்கம் இரண்டு கையிலும் டீ டம்ளரோடு விழித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்து, முதலில் ஓங்கி ஓர் அறை விட்டாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து எங்காவது ஒரு கதவு படாரென்று அடித்தாலும் அவள் கொட்டகைப் பக்கம்தான் திரும்புவாள்.

"வேற செக்ஷன் கேளுடா" என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

"அண்டா என் ஃப்ரெண்டுக்கா. என்ன ஒண்ணும் செய்யாது" என்பான் அவன்.

"ஃப்ரெண்டாம் ஃப்ரெண்டு! அந்த ஃபிட்டர் கைய பாத்தியா?"

"நான் மாறினா அங்க இன்னொருத்தன் நிப்பான். அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா. விடுக்கா."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. உயிரின் அருமை தெரியாதவனாக வளர்த்துவிட்டோமே என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் சீட்டியடித்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில்தான் வெள்ளைக் குழாய் வந்தது. கொண்டுவந்தவள் ஆராய்ச்சி முடித்து டாக்டர் பட்டத்தோடு சேர்ந்த ஒரு பெண். வயதில் சின்னவள், பேச்சில் நிதானம். எல்லோரும் அவளை டாக்டர் மேடம் என்றார்கள். அண்டா செய்கிற அதே வேலையைக் குழாய்க்குள் ஓடவிட்டே செய்யலாம் என்பது அவள் கட்சி. ஒரு பம்பு மூலச்சரக்கைத் தள்ளும், இன்னொரு பம்பு முன்கோபித் திரவத்தைத் தள்ளும். இரண்டும் ஒரு சின்ன முச்சந்தியில் சேர்ந்து, சுருள் சுருளாகச் சுற்றிய மெல்லிய குழாய்க்குள் போகும். சுருள் முழுவதும் சூடான எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும். அங்கே ஃப்ளூரின் போய் ஒட்டிக்கொள்ள, வெளியே வந்ததும் சோடாக் கரைசல் கலந்து மிச்சக் கோபத்தைத் தணித்து, கேனில் வந்து விழும். ஒட்டாத வாணலியில் பூசியிருக்கும் அதே வெள்ளைப் பொருளால் செய்த குழாய் அது. அந்தப் பொருளுக்குள்ளும் ஃப்ளூரின்தான் இருக்கிறது. ஊரையெல்லாம் கடித்தாலும் முன்கோபி தன் சொந்தத்தைக் கடிக்காது. நம்மைவிட எவ்வளவோ மேல்.

"எந்த நேரத்துல பாத்தாலும் சூட்டுல இருக்கிறது ஒரு டம்ளர் அளவுதான்" என்று டாக்டர் மேடம் முதல் நாளே பம்பரத்துக்கு விளக்கினாள். "ஒரு டம்ளர் கோவிச்சுக்கிட்டா குழாய்தான் பிய்யும். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நாள் பூரா ஓடினா அண்டாவுல வர்ற சரக்கு இதுலயும் வந்துரும்."

பம்பரம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கையைத் தூக்கி, இந்த வேலைக்கு நான் வருகிறேன் என்றாள். பம்பைப் பிரித்துக் கழுவுவதிலிருந்து குழாயை வெட்டி மாட்டுவதுவரை அவளைப்போலக் கற்றுக்கொண்டவர் இல்லை. அவளுக்கு வராதது ஒன்றே ஒன்றுதான். குழாய் ஓட ஆரம்பித்த பிறகு சும்மா இருப்பது.

இந்தக் குழாய்க்கு ஒரு விசித்திர குணம். இப்போது உள்ளே போவது, ஆற அமர ஒரு டீ குடித்து முடித்த பிறகுதான் வெளியே வரும். அதைப் பிடித்துப் பரிசோதனை அறைக்கு அனுப்பி, அங்கிருந்து ஃபோனில் முடிவு வருவதற்குள் இன்னொரு டீ. ஆகவே முடிவு சரியில்லை என்று தெரிய வரும்போது, தப்பு நடந்து வெகுநேரம் ஆகியிருக்கும். எண்ணெய்த் தொட்டியின் சூடு குறைந்தால் சரக்கு பாதி வேகாமல் வரும், கூடினால் தீய்ந்த கழிவு சேரும். தொட்டியின் முகப்பில் ஒரு கறுப்புக் குமிழ், அதைச் சுற்றி எண்கள், மேலே எண்ணெயில் இறங்கியிருக்கும் தெர்மாமீட்டர். குமிழை ஒரு தரம் சரியாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பால் பொங்கும்வரை பொறுக்காதவளிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்?

இரண்டு முறை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு முறையும் தோற்றது. காலையில் ஒழுங்காக வந்த சரக்கு, போகப் போக ஒரு தரம் வேகாமல் வரும், அடுத்த தரம் தீய்ந்து வரும். இத்தனைக்கும் பம்பரம் தொட்டியைவிட்டு நகராமல், தெர்மாமீட்டரில் சிவப்புக் கோடு இம்மி அசைந்தாலும் குமிழைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருந்தாள். டாக்டர் மேடம் பம்பை மாற்றினாள், குழாயை மாற்றினாள், தலையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். வாங்குகிறவர்கள் இருமடங்கு சரக்கு கேட்கிறார்கள், திங்கட்கிழமை தொடங்கியாக வேண்டும் என்றார். "வெள்ளிக்கிழமை ஒரு சான்ஸ். காலைச் சங்குலேர்ந்து சாயங்காலச் சங்கு வரைக்கும் ஒரு சாம்பிள்கூட எல்லை தாண்டக் கூடாது. தாண்டினா குழாயக் கழட்டி மூலையில போட்டுட்டு, அண்டாவக் கழுத்து வரைக்கும் ரொப்பிடுவோம்."

கழுத்துவரை! பாதி நிரப்பியபோதே தகடு கிழிந்த அண்டா. பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் கொட்டகை வாசலில் கையுறையைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கருவி மெக்கானிக் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். காதிடுக்கில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருப்பதால் அவனுக்குப் பெயரே திருப்புளி.

"கேட்டியாடா? கழுத்து வரைக்குமாம்!"

"கேட்டேன் கேட்டேன். அண்டாவுக்கு நல்ல பசி போல" என்றான் சின்னவன்.

"உனக்கு எல்லாமே வெளையாட்டு. கொஞ்சமாவது பயம் வேணும்டா மனுசனுக்கு."

"என் பங்குக்கும் சேத்து நீதான் பயப்படுறியே. அப்புறம் எனக்கெதுக்கு?"

திருப்புளி சிரித்தான். பம்பரம் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனாள். அன்று அவளுடைய கணவருக்கு ஸ்டாப்பே வரவில்லை.

வெள்ளிக்கிழமை சங்கு ஊதுவதற்கு வெகு முன்னாலேயே வந்து நின்றாள். இணைப்புகளையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். பம்புகள் உறிஞ்சும் இரண்டு பாட்டில்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். டாக்டர் மேடம் எண்ணெய்த் தொட்டியின் பின்பக்கம் குனிந்து எதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இன்னைக்குக் கொஞ்சம் உக்காருங்கக்கா. நாற்காலி உங்களுக்காகத்தான் இருக்கு" என்றாள். பம்பரம் நாற்காலியைப் பார்த்தாள். அதில் தன் கைப்பை உட்கார்ந்திருப்பதைக் காட்டி, இடமில்லை என்பதுபோலக் கையை விரித்தாள்.

சங்கு ஊதியது. பம்புகள் டக் டக்கென்று தொடங்கின. முதலில் வருகிற சரக்கு நிதானத்துக்கு வந்திருக்காது என்பதால் அதைத் தனிக் கேனில் பிடித்துத் தள்ளிவிட்டு, பிறகு நல்ல கேனை வைத்தார்கள். முதல் சாம்பிள் போனது. பம்பரம் தொட்டிக்கும் கேனுக்கும் பாட்டிலுக்குமாக நடக்க ஆரம்பித்தாள்.

தெர்மாமீட்டரில் சிவப்புக் கோடு ஒரு மயிரிழை ஏறியது. கை பரபரத்தது. குமிழைத் துளி குறைத்தாள். கொஞ்ச நேரத்தில் கோடு இறங்கி வந்து பழைய இடத்தில் நின்றது. பிறகு ஒரு மயிரிழை இறங்கியது. துளி கூட்டினாள். அதுவும் வந்து நின்றது. அட, இன்றைக்கு என்ன இது சொன்ன பேச்சைக் கேட்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். குமிழ்கூட முன்னைப்போல முரண்டு பிடிக்காமல் புதிதாக எண்ணெய் போட்டதுபோலத் திரும்பியது. போன இரண்டு தடவையும் இல்லாத பக்குவம் தன் விரலுக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்தாள்.

முதல் முடிவு வந்தது, நன்று. அடுத்ததும் நன்று. அதற்கடுத்ததும். நன்று என்று கேட்கக் கேட்க மற்றவர்களுக்கு நிம்மதி கூடியது, அவளுக்குப் படபடப்பு கூடியது. போன முறைகளிலும் இப்படித்தானே ஆரம்பித்தது? ஜன்னல் வழியாகப் பார்த்தால் அண்டாக் கொட்டகையின் கூரை தெரியும். குமிழைத் திருப்புவாள், கூரையைப் பார்ப்பாள், மறுபடி வந்து குமிழைத் திருப்புவாள்.

சாப்பாட்டு இடைவேளையில் சின்னவன் வந்தான். நாற்காலியிலிருந்த கைப்பையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"சாப்டியாக்கா?"

"சாப்பாடு ஒண்ணுதான் கேடு."

"குழாய் எப்படிப் போகுது?"

"என் கை பட்டா சும்மாவா? காலைலேர்ந்து ஒரு கோடு தாண்ட விடலயே. பாரு, எப்படி நிக்குதுன்னு." சொல்லிக்கொண்டே குமிழை இன்னொரு துளி திருப்பினாள்.

சின்னவன் அந்தக் குமிழையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தான். என்னவோ சொல்ல வந்தவன்போல வாயைத் திறந்து, டப்பாவிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து அதற்குள் போட்டுக்கொண்டான். "உன் கை ராசிக்கா" என்றான் மென்றுகொண்டே. போகும்போது சீட்டியடிக்கவில்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

அவன் போன பிறகுதான் அந்த ஃபோன் வந்தது. டாக்டர் மேடம் காதில் வைத்துக் கேட்டாள், முகம் மாறியது.

"என்னாச்சு மேடம்?"

"கொறைஞ்சிருக்கு. எல்லைய தாண்டல. ஆனா ஓரத்துல நிக்குது."

பம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கொட்டகைக் கூரை கண்ணில் பட்டது. கழுத்துவரை நிரம்பிய அண்டாவின் முன்னால் தம்பி சிரித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரே தாவல், குமிழைப் பிடித்து இரண்டு எண் தள்ளித் திருப்பினாள்.

"அக்கா, பதறாதீங்க" என்றாள் டாக்டர் மேடம். "கொஞ்சம் முன்னாடி பாட்டில் மாத்தினோம்ல? அப்ப ஒரு காத்துக் குமிழி உள்ள போயிருக்கும். அது எப்பவோ வெளிய போயிருச்சு. இப்ப குழாய்க்குள்ள ஓடுறது நல்ல சரக்குதான்." ஆனால் பம்பரத்தின் கையைத் தட்டிவிடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அடுத்த ஃபோன் வரும்வரை பம்பரம் சுவரோரமாக நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். எங்கோ ஒரு கதவு அடித்தது, அவள் ஜன்னலுக்கு ஓடி, கூரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். ஃபோன் அடித்தது. டாக்டர் மேடம் கேட்டாள். மெல்லச் சிரித்தாள். "நல்லா இருக்கு."

"பாத்தீங்களா! நேரத்துல சூட்ட ஏத்திவிட்டதால பொழச்சோம்" என்று பம்பரம் குமிழை இரண்டு எண் பழையபடி இறக்கினாள். வாசலில் நின்றிருந்த திருப்புளிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது, அவன் வெளியே போய்விட்டான்.

சாயங்காலச் சங்கு ஊதி, கடைசி சாம்பிளின் முடிவும் நன்றென்று வந்தபோது மேனேஜரே நேரில் வந்தார். கேன்களைப் பார்த்தார், முடிவுகளைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து பாராட்டை எதிர்பார்ப்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று. "சரி. திங்கள்லேர்ந்து குழாய்லயே ஓட்டுங்க. அண்டாவப் பூட்டிரலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பம்பரத்துக்கு அது போதும். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

பம்பை நிறுத்துவதற்கு முன்னால் குழாயைக் கழுவ வேண்டும், எண்ணெய்த் தொட்டியை ஆறவிட வேண்டும். கழுவி முடித்து, குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். சிவப்புக் கோடு அசையவில்லை. ஆறுவதற்கு நேரமாகும்தான் என்று நடையாக நடந்துவிட்டு வந்து பார்த்தாள். அப்போதும் அசையவில்லை. பூஜ்யத்துக்குச் சரியாகப் போகவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் திருப்பினாள். குமிழ் போனது. பூஜ்யத்தைத் தாண்டி, உச்ச எண்ணைத் தாண்டி, ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பவும் பூஜ்யத்துக்கு வந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அதுவும் போனது. பொம்மை வண்டிச் சக்கரம்போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

டாக்டர் மேடம் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். திருப்புளி கூரையில் பல்லி தேடினான். பம்பரம் குனிந்து பார்த்தாள். குமிழைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் கடுகளவுத் திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

"யார் வேலை இது?"

திருப்புளி சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான்.

"காலைலேர்ந்தா?" பம்பரம் குமிழை விட்டு நிமிர்ந்தாள். "காலைலேர்ந்து என்ன வெறுங்குமிழத் திருப்ப விட்டு வேடிக்கை பாத்தீங்களா எல்லாரும்?"

டாக்டர் மேடம் கிட்டே வந்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. போன ரெண்டு தடவையும் சூடு ஏறி எறங்கி ஏறி எறங்கி அலை மாதிரி போயிருந்துச்சு. கோடு அசஞ்சதும் நீங்க திருப்புவீங்க, அந்தச் சூடு எண்ணெயில போய்ச் சேர்றதுக்குள்ள பொறுக்காம திரும்பத் திருப்புவீங்க. எனக்கும் லேட்டாத்தான் புரிஞ்சது. இந்தத் தடவ உங்கள வெளிய நிறுத்திரலாம்னுகூட நெனச்சேன். உங்க தம்பிதான் விடல."

"யாரு?"

"நான்தான்க்கா."

வாசலில் சின்னவன் நின்றிருந்தான். குளித்துத் தலைகூடத் துவட்டாமல் வந்திருந்தான்.

"அவள வெளிய நிறுத்துனா சுவத்த இடிச்சுக்கிட்டு உள்ள வந்துருவா, பாட்டில் மாத்தறதுக்கும் குழாய் கழுவுறதுக்கும் அவள விட்டா ஆள் இல்ல, குமிழ மட்டும் கழட்டி விட்டுருங்கன்னு மேடத்துக்கிட்ட சொன்னேன். திருப்புளிதான் திருகாணிய எடுத்தான். மேடம் சொன்ன சூட்டத் தொட்டிக்குப் பின்னாடி தண்டுல வெச்சுப் பூட்டியும் குடுத்தான்."

பம்பரத்தின் கை ஓங்கியது. முற்றத்தில் டீ டம்ளரோடு நின்றவனை அறைந்த அதே கை. "அக்காவ எல்லார் முன்னாடியும் கோமாளி ஆக்கிட்டியேடா. எதுக்குடா? நேரா எங்கிட்ட, திருப்பாதக்கான்னு சொல்லியிருந்தா..."

"நீ கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

"எப்பவும் போல சிரிச்சிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே. அண்டா உன் ஃப்ரெண்டாச்சே!"

சின்னவன் சிரிக்கவில்லை. அவள் பார்த்து அவன் முகத்தில் சிரிப்பில்லாமல் இருந்ததே இல்லை. தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"எனக்குப் பயமா இருந்துச்சுக்கா" என்றான். "ஃபிட்டர் கை வெந்த நாள்லேர்ந்து ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டுத்தான் உள்ள போறேன். சீட்டி அடிக்கலன்னா பல்லு கடகடன்னு ஆடும், அதான் அடிக்கிறேன். உங்கிட்டச் சொன்னா நீ செத்தே போயிருவ. திங்கக்கெழமை கழுத்து வரைக்கும்னு சொன்னப்ப எனக்குத் தூக்கமே போச்சு. இந்த ஒரு தடவ எப்படியாவது நல்லா ஓடிரணும்னு... வேற என்னக்கா செய்வேன்?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவனை அண்டாவிலிருந்து மீட்க வேண்டும் என்று துடியாய்த் துடித்த கை. அதே கைதான் இரண்டு முறை அவனை அண்டாவின் முன்னால் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்றாவது முறையும் நிறுத்தியிருக்கும். பயமறியாதவன் என்று இவனைத் திட்டித் தீர்த்தோமே, பயத்தை நமக்குத் தெரியாமல் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறானே என்று அவளுக்குத் தோன்றியது. கையை இறக்கி, முந்தானையை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். சின்னப் பிள்ளைக்குத் துவட்டுவதுபோல முரட்டுத்தனமாக, காதெல்லாம் சிவக்கத் துவட்டினாள். அவன் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

திருப்புளி தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து அந்தக் கடுகளவுத் திருகாணியை எடுத்து நீட்டினான். "இப்பவே மாட்டிரட்டுமாக்கா?"

பம்பரம் யோசித்தாள். "வேணாம். அப்படியே இருக்கட்டும். சூட்ட மேடம் பின்னாடியே வெச்சுக்கட்டும். என் கைக்கு ஏதாவது வேலை வேணும்ல?"

திங்கட்கிழமை அண்டாக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். சின்னவனைக் குழாய்க்கு மாற்றினார்கள். அக்கா பாட்டில் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். முதல் முடிவு நன்றென்று வந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து மெல்லச் சீட்டியடிக்க ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துத் தாழ்வாரத்தின் கடைசியில் காற்றுக்கு ஒரு கதவு படாரென்று அடித்தது.

பம்பரம் விருட்டென்று திரும்பினாள். சின்னவன் நாற்காலியில் இல்லை. எண்ணெய்த் தொட்டியின் முன்னால் முகம் வெளுத்து நின்றிருந்தான். திருகாணியைக் கழற்றச் சொன்ன அதே ஆள், அந்த வெறுங்குமிழை இரண்டு கையாலும் பிடித்துப் பூஜ்யத்தை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தான். அக்கா பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுக்கப் போனான்.

"பரவால்லடா, திருப்பிக்கோ" என்றாள் அவள். அவனுடைய கைமேல் தன் கையையும் வைத்தாள்.